முதுகில் எடுத்த அளவு

அத்தை எனக்கு அளவெடுக்கும்போது என் முன்னால் வந்து நின்றதே இல்லை. "அந்தப் பக்கம் பாத்து நில்லு" என்பார். நான் சுவரைப் பார்த்து நிற்பேன். வலை பின்னும் நைலான் நூலில் ஒரு துண்டு அவர் கையில் இருக்கும். தோளுக்குத் தோள் பிடித்து ஒரு முடிச்சு, பிடரியிலிருந்து முழங்கால் வரைக்கும் பிடித்து ஒரு முடிச்சு, இடுப்பைச் சுற்றி ஒரு முடிச்சு. நான் கொஞ்சம் அசைந்தாலும் "திரும்பாதடி" என்று தோளில் ஒரு தட்டு விழும். முடிச்சுப் போட்டு முடித்த பிறகும் உடனே விட மாட்டார். சும்மா நிற்பார். மீன் வாசமும் வெற்றிலை வாசமும் என் பிடரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும். பிறகு "சரி, போ" என்பார். நான் திரும்பிப் பார்க்கும்போது அவர் எங்கள் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியிருப்பார்.

அந்த அளவில் தைத்த சட்டை ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை.

கிளிஞ்சல்மேட்டில் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒரு ஹால், ஒரு அடுப்படி, ஒரு ரூம், கொல்லையில் குழாய். எங்கள் வீட்டு ரூமில் நாங்கள் படுத்தோம். எதிர்வீட்டில் அத்தையும் மாமாவும் ஹாலில் படுத்தார்கள். ஐப்பசி கார்த்திகையில் ஹாலுக்குள் சாரல் அடிக்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவார்களே தவிர ரூமுக்குள் போக மாட்டார்கள். ரூம் அவளுக்கு.

அவள் அத்தையின் மகள். என் வயதுதான். கடல் வந்த அன்று போனவள். உடல் கிடைக்கவில்லை.

எல்லா வீட்டிலும் உபயோகமில்லாத சாமான் போட்டு வைக்க ஒரு இடம் இருக்கும். எங்கள் தெருவில் அது அடுப்படிக்கு மேலே இருக்கிற சிலாப்பு. ஓடாத மின்விசிறி, கைப்பிடி போன குக்கர், கிழிந்த வலை, என்றாவது ஒட்டலாம் என்று வைத்த பிளாஸ்டிக் குடம். எங்கள் சிலாப்பில் வாயைத் துணியால் கட்டிய ஒரு அலுமினியப் பானையும் இருந்தது. அதை நான் ஒருமுறை இறக்கப் போனபோது அம்மா கத்திய கத்தலில் அதன் பிறகு அந்தப் பக்கம் கையை நீட்டியதில்லை. இப்படி எல்லா வீட்டிலும் இருப்பவை ஒரு காலத்தில் உழைத்து ஓய்ந்த சாமான்கள். அத்தை ரூமில் இருந்தவை அப்படியில்லை. ஒன்றுகூட யாருடைய கையிலும் தேய்ந்ததில்லை. கடையிலிருந்து வந்து, நேரே அந்த ரூமுக்குள் போய், அங்கேயே பழசானவை.

ஒரு சுவர் முழுக்கக் கம்பி கட்டித் துணிகளைத் தொங்கவிட்டிருந்தார். இடது ஓரத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு கவுன். அதற்கடுத்தது கொஞ்சம் பெரிது. அடுத்தது இன்னும் கொஞ்சம். ஜன்னல் பக்கம் போகப் போகப் பாவாடை சட்டை, பள்ளிச் சீருடை, தாவணி, சுடிதார். கதவைத் திறக்கும்போது காற்று புகுந்து எல்லாம் ஒன்றாக ஆடும். சின்னதிலிருந்து பெரிது வரை ஒரே பெண் வரிசையாக நிற்பது போல இருக்கும். கீழே செருப்புகள், அதே வரிசையில். ஆணியில் முடிச்சுப் போட்ட நைலான் நூல்கள் ஒரு கற்றை. புத்தகப் பை, ஜியோமெட்ரி பாக்ஸ், ஒரு லேடீஸ் சைக்கிள். சைக்கிள் சீட்டில் கடைக்காரர் சுற்றிய பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. மாமா அவ்வப்போது பம்ப் வைத்துக் காற்றடிப்பார். ஓடாத சைக்கிளுக்கு எதற்கு மாமா காற்று என்று கேட்டதற்கு, "உங்கத்தை விரல வெச்சு அமுக்கிப் பாப்பாடி" என்றார்.

எல்லாத் துணியிலும் ஒன்று பொது. முதுகுப் பக்கம் வரிசையாக வெள்ளைப் பொத்தான், கடைசியில் ஒன்று மட்டும் சிவப்பு. சீருடையில்கூட. பொத்தானே தேவைப்படாத சுடிதாரில்கூட முதுகில் ஒரு சிவப்புப் பொத்தானைச் சும்மா தைத்து வைத்திருந்தார்.

"ஏன் அத்தே ஒண்ணு மட்டும் செவப்பு?"

"அடையாளம். கூட்டத்துல பின்னாலேர்ந்து பாத்தாலும் தெரியணும்ல."

இதையெல்லாம் கேட்டுவிட்டு அத்தையைப் புத்தி கலங்கியவர் என்று நினைத்துவிடக் கூடாது. காரைக்கால்மேட்டில் மீன் ஏலத்தில் அவர் குரல்தான் பெரிது. வெளியூர் வியாபாரி ஒருவர் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நேற்றுப் பிடித்ததா என்று இழுத்தபோது, "நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, மீனு வாங்க வந்தீங்களா? புடிச்சா எடுங்க, இல்லேன்னா காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார். கூட்டம் சிரித்ததில் அந்த ஆள் பேரம் பேசாமல் எடுத்துப் போனார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் 'படிப்பு'. "ஏ படிப்பு, இந்த மாத்திரையில என்னா எழுதியிருக்கு? தின்னா சாவனா, தின்னாட்டா சாவனா?" என்று தெருவிலிருந்தே கூப்பிடுவார். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. இன்றைக்கும் மின்துறை அலுவலகத்தில் என் மேசை மேல் இளநிலைப் பொறியாளர் என்ற பலகையைப் பார்க்கும்போது, அதன் மேல் 'படிப்பு' என்று ஒரு வரி சேர்த்து எழுதலாம் என்று தோன்றும்.

தீபாவளிக்கு முன்பும் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பும் அத்தை நூலோடு வருவார். அவர் வாசலில் தலை காட்டியதும் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் குழாய்க்குப் போய்விடுவாள். தண்ணீர் வராத நேரத்திலும் போவாள். அளவெடுத்து முடிகிறவரை திரும்பி வர மாட்டாள். எனக்கு அம்மா மீது கோபம் வரும். தீபாவளிக்கு நிவாரணத்தில் வந்த துணியை வெட்டித் தைத்த சட்டையைத்தான் நான் போட்டேன். எதிர்வீட்டில் என் அளவிலேயே தைத்த புதுச்சட்டை கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. "கேட்டுப் பாரேம்மா, ஒரே ஒரு நாளைக்கு" என்று ஒருமுறை சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். எதிர்வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு சட்டைக்கு எதற்கு இவ்வளவு பயம் என்று அப்போது புரியவில்லை.

பாரதியார் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் அத்தைக்கு வாடிக்கையான டெய்லர் இருந்தார். திருமலைராயன்பட்டினத்துக்காரர். எல்லோருக்கும் டெய்லர் பாய். நான் ஒன்பதாவது படிக்கும்போது அத்தை என்னை மருந்துக் கடைக்கு அழைத்துப் போனவர், வழியில் அங்கேயும் நின்றார். நூலை எடுத்து மேசையில் வைத்தார்.

"இன்னும் இந்த நூலுதானா? பொண்ணக் கூட்டிட்டு வாங்கன்னு எத்தன தடவ சொல்றேன். அளவு தப்பிப் போனா என்னையத்தான ஏசுவீங்க."

"என்னைக்காவது ஏசியிருக்கனா பாய்? ஒரு சட்டையாவது திரும்பி வந்திருக்கா?"

"அது வரலதான். மாஷா அல்லாஹ், அப்படி ஒரு ஒடம்பு வாகு." கண்ணாடியை உயர்த்தி என்னைப் பார்த்தார். "இதான் பொண்ணா?"

"இல்ல பாய்" என்றார் அத்தை. "இது அளவு."

டெய்லர் பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தேன், இருக்கிறதா என்று.

எனக்குக் கிடைத்ததெல்லாம் அவளுக்கும் வந்தது. எனக்கு அரசாங்கச் சைக்கிள் கொடுத்தபோது அத்தை டவுனுக்குப் போய் அந்த லேடீஸ் சைக்கிளை வாங்கி வந்தார். நான் வயதுக்கு வந்தபோது எனக்குத் தெருவே சடங்கு செய்தது. அத்தை எல்லோரோடும் வந்து எனக்கு நலங்கு வைத்தார், பாட்டுக்கூடப் பாடினார். அடுத்த வாரம் அந்தக் கம்பியில் ஒரு தாவணி புதிதாகத் தொங்கியது. பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் வந்து கேட்டார்.

"என்னா படிப்புடி அது?"

"எலக்ட்ரிக்கல் அத்தே. டிப்ளமோ."

"அதுக்கு என்னா சாமான் வேணும்?"

டிராஃப்டர் வேண்டும் என்றேன். படம் வரைகிற பலகையில் மாட்டுகிற கருவி. எனக்கு மேல் வகுப்பு அக்கா ஒருத்தியின் பழைய டிராஃப்டர் கிடைத்தது. அத்தை ரூமில் புதியது ஒன்று உறையோடு வந்து படுத்தது.

இரண்டாம் வருடத் தேர்வுக்கு முன்னால் என்னுடையது உடைந்துவிட்டது. திருகு போய்க் கை தொங்கியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அத்தையிடம் போய்க் கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஒரே நாளைக்கு அத்தே. ஒரு கீறல் விழாமக் கொண்டாந்து குடுத்துடறேன்."

ரூம் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை. உண்மையாகவே யோசித்தார்.

"அவ வந்து, ஏம்மா இது பழசா இருக்குன்னு கேட்டா என்னாடி சொல்லுவேன்?"

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு. சாயங்காலம் அத்தை வியர்க்க விறுவிறுக்க டவுனிலிருந்து வந்து, புது டிராஃப்டர் ஒன்றை என் மடியில் போட்டார். "இது ஒனக்கு. ஒடைச்சா ஒதைப்பேன்." அம்மா தடுத்தும் கேட்கவில்லை. அவர் கருமி இல்லை. கையில் இருப்பதை, கூடையில் இருப்பதை யாருக்கும் கொடுப்பார். அந்த ரூமில் இருப்பதை மட்டும் கொடுக்க மாட்டார். ஏனென்றால் அது அவருடையது இல்லை.

எங்கள் ஊரில் கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் உடுத்திய துணி ஒன்றை எடுத்து விரித்து, அதையே உடலாக வைத்து மாலை போட்டு அழுவார்கள். கரையில் எரித்துச் சாம்பலைக் கடலில் விடுவார்கள். அதற்குப் பிறகுதான் போனவர் போனவர். அதுவரை அவர் எங்கோ நிற்கிறார். சுனாமியில் உடல் கிடைக்காத எல்லோருக்கும் இப்படிச் செய்து முடித்தார்கள். அவளுக்கு மட்டும் செய்யவில்லை. கடல் அத்தையின் பழைய வீட்டைச் சுவரோடு வாரிக்கொண்டு போனதில் அவள் துணி ஒரு கிழிசல்கூட மிஞ்சவில்லை என்றார்கள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊர்ப் பெரியவர்கள் அத்தை வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அக்கம்பக்கமெல்லாம் கூடி நின்றது.

"ஒரு புதுத்துணிய வெச்சு முடிச்சிருவோம் தங்கச்சி. புள்ள அலையக் கூடாது."

"புதுத்துணிக்கு எம்புள்ளையத் தெரியுமாண்ணே?" என்றார் அத்தை. "அவ உடுத்தின துணி ஒண்ணக் கொண்டாங்க. அன்னைக்கே செய்றேன்."

எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த அம்மா குனிந்து குடத்தை எடுத்தாள்.

அதற்குப் பிறகு யார் இந்தப் பேச்சை எடுத்தாலும் அத்தை அதே வார்த்தையைச் சொல்லிக் கதவைச் சாத்தினார். மாமாவிடமும் அதேதான். மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்க ஆரம்பித்து, கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நாள் முழுக்க ஹாலில், அந்த மூடிய கதவுக்கு எதிரே சாய்ந்து உட்கார்ந்திருப்பார். "நான் போறதுக்குள்ள அவளக் கரையேத்திடணும் பாப்பா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "இல்லேன்னா அங்க போயி எந்த மொகத்த வெச்சுகிட்டு அவளத் தேடுவேன்?"

சில வருடங்களுக்கு முன்னால் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தரங்கம்பாடிப் பக்கம், என்னோடு படித்தவர், நானே வீட்டில் சொன்ன சம்பந்தம். நிச்சயம் முடிந்த மறுநாள் மத்தியானம் அத்தை நூலோடு வந்தார். அவர் பின்னாலேயே, ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று, மாமா வந்தார்.

"என்னாத்துக்கு நூலு?" மாமா வாசலிலிருந்தே கேட்டார்.

"ரவிக்கைக்கு. முகூர்த்தப் பட்டு எடுக்க வேணாமா? கடைசி நேரத்துல குடுத்தா பாய் இழுத்தடிப்பாரு."

"பட்டு எடுப்ப. மாப்பிள்ளைய எந்தக் கடையில போயி எடுப்ப?"

அத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்தப் பக்கம் பாத்து நில்லு" என்றார் என்னிடம்.

பழக்கத்தில் நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டேன். நூல் தோளில் பட்டது. அப்போதுதான் முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது. அந்தக் கம்பியின் ஜன்னல் ஓரத்தில், சுடிதார்களுக்கு அடுத்து, என் அளவில் ஒரு முகூர்த்த ரவிக்கை தொங்கப் போகிறது. முதுகில் ஒரு சிவப்புப் பொத்தானோடு. அதற்குப் பிறகு என்ன தொங்கும்? நான் பிள்ளை பெற்றால் ஒரு தொட்டில் வருமா? என் தலை நரைக்கிற வரைக்கும் அந்த ரூமுக்குள் ஒருத்தி என்னோடு நரைத்துக்கொண்டே வருவாளா?

"நூலக் கீழ போடுங்க அண்ணி."

அம்மாவின் குரல். இந்தமுறை அவள் குழாய்க்குப் போகவில்லை.

"என்னா?"

"எம்மவளுக்கு இது கல்யாண அளவு. இத மட்டும் எடுக்காதீங்க."

நான் திரும்பவில்லை. ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. சிலாப்பில் அலுமினியம் உரசியது. கட்டியிருந்த துணி இற்றுப்போய்க் கிழிந்தது. பிறகு மாமாவின் மூச்சு மட்டும் கேட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை, திரும்பினேன்.

அம்மா கையில் ஒரு மஞ்சள் கவுன். உப்பேறிக் காய்ந்து அட்டை போல நின்றது. அத்தை அதை வாங்கவில்லை. தொடக்கூட இல்லை.

"பொத்தான் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா கவுனைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளை, வெள்ளை, சிவப்பு.

"அன்னைக்குக் காலையில இவ மேல டீயக் கொட்டிக்கிட்டா அண்ணி" என்றாள் அம்மா. அழுகையில் வார்த்தைகள் உடைந்தன. "நீங்க மார்க்கெட்டுக்குப் போயிட்டீங்க. ஒங்க கொடியில இது காஞ்சுகிட்டிருந்துச்சு. அவசரத்துக்கு எடுத்து இவளுக்கு மாட்டி விட்டேன். அவ உள்ள தூங்கிகிட்டிருந்தா, எழுப்ப வேணாம்னு சத்தம் போடாம எடுத்தேன். அப்புறம்தான் தண்ணி வந்துச்சு. நான் இவளத் தூக்கிகிட்டு ஓடிட்டேன். அப்புறம் எப்படி அண்ணி இத ஒங்க கையில குடுப்பேன்? எம்புள்ள இருக்கு, ஒங்க துணி இந்தாங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"தெரியும்" என்றார் அத்தை.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மார்க்கெட்லேர்ந்து ஓடியாந்தேன். ஊருக்குள்ள விடல. டவுன்ல ஒவ்வொரு மண்டபமா ஏறி எறங்கிப் பாத்துகிட்டே வர்றேன். ஒரு மண்டபத்துல, சோத்து வரிசைக்குப் பக்கத்துல, ஒரு புள்ள சுவத்தப் பாத்துகிட்டு நிக்குது. மஞ்சக் கவுனு. முதுகுல செவப்புப் பொத்தான். வெள்ளப் பொத்தான் தொலைஞ்சு போச்சுன்னு நாந்தான தச்சேன், எனக்குத் தெரியாதா? எங்காலு தரையிலயே இல்ல. அவ்வளவு கூட்டத்தையும் தள்ளிகிட்டுப் போயித் தோளத் தொட்டேன்."

அத்தை நிறுத்தினார். கையிலிருந்த நூலை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"இவ திரும்பிட்டா."

தெருவில் யாரோ வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"பின்ன ஏன் அண்ணி இத்தன வருசமாக் கேக்கல?"

"கேட்டா நீ குடுத்துடுவ. குடுத்தா எரிக்கணும்." அத்தையின் குரல் ஏலத்தில் கேட்பது போலத் தெளிவாக இருந்தது. "நீ சிலாப்பு மேலயே வெச்சிருந்த. நானும் அது பாட்டுக்கு இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

பிறகு வாசற்படியில் உட்கார்ந்து குனிந்திருந்த மாமாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முந்தானையை விரித்து அம்மாவின் முன்னால் நீட்டினார்.

"போடு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கரையில் காரியம் நடந்தது. ஒரு பெண்ணுக்குச் செய்வதை, ஒரு முழத் துணியை வைத்துச் செய்தார்கள். மாமா கொள்ளி வைத்தார். உப்பில் ஊறிய துணி லேசில் பற்றவில்லை, மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. கடல் வந்த அன்று காலையில் நான் உடுத்தியிருந்த துணி அது. நான் நின்று அதைப் பார்த்தேன். அத்தை அழவில்லை. எரிந்த பிறகு சாம்பலைக் குச்சியால் கிளறி, உருகிக் குன்றிப் போன சிவப்புப் பொத்தானை மட்டும் எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். சாம்பலை மாமா கடலில் விட்டார். அலை அதை உடனே வாங்கிக்கொண்டது.

அந்தத் தீபாவளிக்கு அத்தை ரூம் கதவைத் திறந்து வைத்தார். தெருப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு, முதுகைத் தொட்டுப் பார்த்து, கண்ணாலேயே அளந்து, ஆளுக்கொரு துணியாக எடுத்துக் கொடுத்தார். தாய்மார்கள் முதலில் தயங்கினார்கள். "காரியம் முடிஞ்சிருச்சு. இனிமே இது வெறும் துணிதான். பூட்டி வெச்ச வாசம் அடிச்சா ஒரு அலசு அலசிப் போடு. புடிக்கலேன்னா வெச்சுட்டுப் போ, ஓங்கிட்ட யாரு கெஞ்சினா?" என்றதும் வாங்கிக்கொண்டார்கள். சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துக்கொண்டாள். நூல் கற்றையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் என்னிடம் தந்தார். "இது ஒன்னோடது."

தீபாவளிக் காலையில் நான் வாசலுக்கு வந்தபோது தெரு முழுக்கப் பிள்ளைகள் வெடி போட்டுக்கொண்டு ஓடினார்கள். எல்லா முதுகிலும் ஒரு சிவப்புப் பொத்தான். நான்கு வயது நான், ஆறு வயது நான், பத்து வயது நான். என்னுடைய எல்லா வயதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடின. சிறு வயதுப் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. நான் எப்படி வளர்ந்தேன் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அத்தை எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து அவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு அவர் நூலோடு வராத முதல் வருடம். எனக்கு ஏதோ பாக்கி நிற்பது போல இருந்தது. தெருவைக் கடந்து போய், அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"அத்தே, அளவெடுக்கலயா?"

பின்னாலிருந்து வெற்றிலை வாசம் மட்டும் வந்தது. நான் அசையாமல் நின்றேன்.

"இனிமே என்னாடி அளவு" என்றார். "திரும்பு."

திரும்பினேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார். நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தார். எதிர்வீட்டில் இத்தனை காலம் இருந்த பெண்ணை அன்றைக்குத்தான் பார்ப்பவர் போல.

"ஒங்கம்மா மூக்கு ஒனக்கு" என்றார். "பாவம் அந்த மாப்பிள்ளப் பய."

என் கல்யாணத்துக்கு வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார். அதற்கடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாரல் அடிக்கிறது என்று மாமா அவரை ஹாலிலிருந்து அந்த ரூமுக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தார். வெறும் ரூம். சுவரில் கம்பி மட்டும் இருந்தது.

இப்போதும் சந்தையிலோ பஸ் ஸ்டாண்டிலோ பின்னாலிருந்து யாராவது வேகமாக வந்து என் தோளைத் தொட்டால், நான் உடனே திரும்புவதில்லை. அவர்களுக்கு ஒரு கணம் கொடுக்கிறேன்.